பங்களாவுக்குக் கேட்காத வாள்

எங்கள் தோட்டத்துத் துரைக்குக் காது ரொம்பக் கூர்மை. மேட்டுப் பங்களாவில் இருந்தபடியே, கீழே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் கஞ்சி உறிஞ்சுகிறார்கள் என்று பேர் சொல்லிவிடுவார். கூரை ஒழுகுது என்று சொன்னால் மட்டும் அந்தக் காது அடைத்துக்கொள்ளும். டாக்டர்களுக்கே பிடிபடாத வியாதி.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. வட்டவளை ஸ்டேஷனில் வழி தெரியாமல் நிற்கிறதாக்கும் என்று இருந்தோம். ஆனால் தொழிற்சங்கம் வந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் பேசப் போனால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் துரைக்கு நாற்காலி போடுவார்கள். நாங்கள் நிற்க வேண்டும். கால் வலித்தால் பேச்சைச் சுருக்கிக்கொள்வான் என்பது அவர் கணிப்பு. இனி நாங்களும் உட்கார்ந்துதான் பேசுவது, அதற்குப் பெஞ்சு செய்வது என்று முடிவானது.

செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஆண்டியப்பன், தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சன். லயத்தில் தோட்டம் எனக்கு விட்டிருந்த ஒற்றை அறைக் காம்பராவை ஒட்டின தகரச் சாய்ப்பில் சொந்தமாக ஒரு வட்டவாள் வைத்திருந்தேன். பின்னால் ஓடுகிற ஓடையில் ஒரு சக்கரம். அதிலிருந்து தோல் வாருக்கு, வாரிலிருந்து வாளுக்கு ஓட்டம். அது போடுகிற சத்தத்தில் நானுஓயாவில் ரயில் வருகிறதென்று ரயில்காரர் கொடி காட்டிவிட்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

நான் அறுக்கிற மரம் சங்கத்துப் பெஞ்சாகப் போகிறது என்று துரைக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் உட்காரக் கூடாது என்று வெளியே சொல்ல முடியுமா? மறுநாள் பெரட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வாள் சத்தத்தில் துரைசாணி நாய் தூங்கல்ல. வர்ற ஞாயிறு என் வெராண்டாவில் சத்தம் கேட்டா மெஷின் தோட்டத்து ஸ்டோருக்குப் போகும், திரும்பி வராது."

பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி பக்கத்தில் வந்து, "நிப்பாட்டிடு ஆண்டியப்பா. வாள் போனா போவுது, காம்பராவும் போயிரும்" என்றார்.

"சத்தத்தத்தானே நிப்பாட்டச் சொன்னாருங்க? நிப்பாட்டிடுறேன்."

வேலை முடிந்த பொழுதுகளில் அதே வேலையாக இருந்தேன். வார் இணைப்பில் இருந்த இரும்புக் கொக்கிதான் சுற்றுக்குச் சுற்று டக்கென்று அடிக்கிறது; அதைக் கழற்றித் தோலால் தைத்தேன். வாளின் இரண்டு பக்கமும் தோல் வட்டம் வைத்து இறுக்கினேன். வெண்கல மணி மாதிரி அதிர்ந்தது அடங்கிப்போனது. பல்லை ஒரே சீராக அராவினேன். ஹட்டன் இஸ்ஸதீன் நானாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து லொறி டயர்த் துண்டு கொண்டுவந்து வாள் மேசையின் காலுக்கு அடியில் கொடுத்தேன். கடைசியில் சுவரிலும் தகரத்திலும் மரத்தூள் அடைத்த சாக்கு கட்டினேன்.

சாக்குதான் கொஞ்சம் கூடிப்போனது. என் பெண்சாதி சண்முகவடிவு வாசலில் நின்று உள்ளே பார்த்துத் திட்டினாள். வாய் அசைந்தது, ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. அன்றிலிருந்து என்னைத் திட்ட வேண்டுமானால் வெளியே கூப்பிட்டு நிறுத்தித்தான் திட்டுவாள். "இந்த மனுசன் எனக்கு வெச்ச சாக்கு, தொரைக்கு வெச்சதில்ல" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். வெராண்டாவில் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்த துரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாய் நன்றாகத் தூங்கியதாம். பயல் பயந்து நிறுத்திவிட்டான், கையோடு மெஷினையும் ஸ்டோருக்கு ஏற்றிவிடலாம் என்று கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவந்தார். லயத்துச் சனம் முழுக்கப் பின்னால் வந்தது. நான் வெளியே வந்து நின்றேன்.

துரைமார் எங்கள் வாசற்படி தாண்ட மாட்டார்கள். அது ஒரு வழக்கம். அவர் வெளியே நிற்பார், கைத்தடி உள்ளே வரும். பானையைத் தட்டும், பாயைப் புரட்டும், ஆளைக் காட்டும்.

"மெஷின் நின்னுபோச்சு. நல்லது. இதை ஏத்து" என்று கைத்தடியை நீட்டி, வாசலை ஒட்டி இருந்த வாளைத் தொட்டுக் காட்டினார்.

சீராக ஓடுகிற வாள் பார்வைக்கு நிற்கிற தட்டு மாதிரியேதான் இருக்கும். கைத்தடியில் ஒரு சாண் கீழே விழுந்தது. அதுவும் சத்தம் போடவில்லை, தூளில் விழுந்தது.

துரை மிச்சத்தைத் தூக்கிப் பார்த்தார். வெட்டு நல்ல சுத்தம், இழைப்புளி போடத் தேவையில்லை.

"நின்ன வாளு எப்படிய்யா வெட்டும்?" என்றார் கிளாக்கர்.

"நிக்கலிங்க. காலையில இருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

துரை முகம் சிவந்தது. "மெஷின ஸ்டோருக்குக் கொண்டு போ."

கிளாக்கர் அசைவதற்குள் சண்முகவடிவு படியில் வந்து நின்றுகொண்டாள்.

"கொண்டு போங்க தொர. அதுக்கு முந்தி ஒரு வார்த்தை. பெரட்டுல எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னீங்க. வெராண்டாவுல சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது என்றால், ஓடுகிற வாளில் ஏன் தடியை விட்டார்? கேட்கவில்லை என்றால் வாள் என்னுடையது. இத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நாய் தூங்குச்சுங்களே" என்று பின்னாலிருந்து லயத்துப் பையன் அழகன் எடுத்துக் கொடுத்தான்.

துரை மிச்சத் தடியோடு மேட்டுக்கு ஏறிப் போனார். நான் உள்ளே போய் அடுத்த பலகையை எடுத்தேன்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவர் பெரட்டுக் களத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கச் சொல்லிக் கிளாக்கர் கண்ணால் காட்டினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க தொர" என்றேன் நான். "கொஞ்சம் நேரமாகும்."