பாதி வீட்டுச் சமாதானம்

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் ஜெனீவாவில் சமாதானம் ஆனது. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் தாவூது, சண்டை ஓய்ந்துவிட்டது, இனிமேல் கடையைப் பெரிதாக்கலாம் என்று எழுதினார். சைகோன் இருக்கிற நாட்டின் குறுக்கே ஒரு கோட்டைப் போட்டு வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கியதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அதே வருஷம் எங்கள் ஊர் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனான். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடிப்பதற்குள் வேறு நாட்டுக்காரி ஆகிவிட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுபத்து மூன்றில் பாரீஸில் இன்னொரு சமாதானம். இதோ வந்துவிடுகிறேன் என்று எழுதினார். வரவில்லை. இடையில் எப்போதாவது ஊருக்கு வந்து போனதில் மஹ்பூபா பிறந்து, வளர்ந்து, தாவணி போட்டிருந்தாள். பிறகு சைகோனே விழுந்தது. புது அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்த பக்கத்துக் கடைக்காரர் பாரீஸ் போனார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த இவரை மெட்ராஸுக்கு ஏற்றிவிட்டார்கள். எழுபத்தாறில் ஒரு காலை, ஒரு பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் வாசலில் வந்து நின்றார்.

"இது ஹவ்வா" என்றார். அந்த ஊர்க்காரி, நிஜப்பெயர் ஹோவா. நிக்காஹ் செய்துகொண்டபோது மாற்றியிருக்கிறார். "அங்க ஒத்தையா எப்படி இருக்கறது நபீசா? உனக்கு நேர்ல வந்து சமாதானம் சொல்லலாம்னுதான் எழுதல."

அவ்வளவுதான். அத்தனை வருஷத்துக்கும் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நான் அழுவேன் என்று தெருவே காத்திருந்தது. எனக்கு வந்தது எரிச்சல்தான். அழுகை வருவதற்கு ஆள் பழக்கமாகியிருக்க வேண்டும். இவரைக் குரலாகக்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. கையெழுத்தாகத்தான் தெரியும்.

ஆனால் என் பயம் வேறு. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. என் உம்மா எனக்குக் கொடுத்த வீடு இது. மஹ்பூபா நிக்காஹ் அன்று நான் அவளுக்குக் கொடுக்க வேண்டும். நாகூர் மாப்பிள்ளை இங்கேதான் வந்து தங்குவார். நோன்புப் பெருநாள் கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். ஹவ்வா வந்த சேதி நாகூருக்குப் போனதும் சம்பந்தியம்மா ஆளனுப்பிக் கேட்டாள்: "பொண்ணுக்கு முழு வீடா, பாதி வீடா? பாதின்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பார்த்துக்கறோம்."

மஹ்பூபா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமாத்து வந்துவிட்டது. நாட்டாண்மை கமாலுதீன், மரக்கடை மன்சூர் அலி, கூட இன்னும் இரண்டு பேர். கூடத்தில் உட்கார்ந்தார்கள். நானும் மஹ்பூபாவும் திரைக்குப் பின்னால். ஹவ்வாவுக்குத் திரை வழக்கம் தெரியவில்லை. தூணோரம் குந்தி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஹலாலான பொஞ்சாதிங்க. மார்க்கப்படி சமமா வச்சுக்கணும். அதனால வீட்டை ரெண்டாப் பிரிச்சிடுவோம்" என்றார் நாட்டாண்மை. "எல்லாருக்கும் சமாதானம்."

மன்சூர் அலி சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். மரம் அறுக்கிறவர், கோடு போடுவதில் கெட்டிக்காரர். வாசற்படியில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அடுப்பாங்கரை வரைக்கும் குனிந்தபடியே இழுத்துக்கொண்டு போனார். கிணறு பொது. முன்னறை ஹவ்வாவுக்கு, பின்னறை எனக்கு. அடுப்பு எந்தப் பக்கம் என்பதில் தகராறு வந்தது. மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் இவள், அப்புறம் அவள் என்றார் ஒருவர். "அப்ப ராத்திரி சோத்துக்கு நபீசா என்ன செய்யும்?" என்றார் இன்னொருவர். உலை வைத்தறியாத நாலு பேர் அடுப்பைச் சுற்றி நின்று அப்படி வாதாடினார்கள். என் வீட்டுக்காரர் கோட்டை மிதிக்காமல் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

ஹவ்வா எழுந்து வந்து கோட்டைப் பார்த்தாள். அவள் தமிழ், சைகோன் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தவர்களிடம் கற்ற தமிழ்.

"ஏம்ப்பா" என்றாள் நாட்டாண்மையிடம். "எங்க ஊர்லயும் கோடு போட்டாங்கப்பா. போட்டவன் எவனும் அங்க குடியிருக்கலப்பா."

திரைக்குப் பின்னால் மஹ்பூபா வாயைப் பொத்திக்கொண்டாள். நாட்டாண்மைக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பொம்பளைக்கு மரியாதை சொல்லிக் குடு தாவூது!"

எனக்குள் என்னவோ அறுந்தது. திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"கமாலுதீன் நானா, ஒண்ணு கேக்கலாமா? இது யாரு வீடு?"

"உன் வீடுதாம்மா. யாரு இல்லேன்னா? ஒரு சமாதானத்துக்காக..."

"சமாதானத்துக்காக உங்க வீட்ல பாதியக் குடுங்களேன். பெரிய வீடுதானே, மாடியெல்லாம் இருக்கு."

நாட்டாண்மை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்த வீடு அவர் மனைவியுடையது.

"மன்சூர் நானா, நீங்க?"

"எங்கிட்ட ஏது புள்ள? நானே அங்க..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார் மன்சூர் அலி.

நாலு பேரும் மனைவி வீட்டில் படுக்கிறவர்கள். நாலு பேருக்கும் உம்மா வீடு தங்கச்சிக்கோ லாத்தாவுக்கோ போயாயிற்று. நின்றுகொள்ளச் சொந்தமாய் ஒரு தாழ்வாரம் இல்லாத ஆண்கள் என் வீட்டை எனக்கே பங்கு போட வந்திருந்தார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இது மஹ்பூபா வீடு" என்றேன். "பெருநாளுக்கு அப்புறம் நானே அவளுக்கு விருந்தாளி. பிரிக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லை."

"அப்ப நான் எங்க போவேன் நபீசா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் என்னிடம் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று தோன்றியது. இதுவரை எல்லாம் சேதியாகவே வந்திருக்கிறது. அறுபதை நெருங்குகிறவர், கடல் தாண்டிச் சம்பாதித்ததெல்லாம் போய், குழந்தைபோல் நின்றார். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"ஒங்க தங்கச்சி ரோஷன் பேகத்துக்கிட்ட கேளுங்க. இல்லே, வாடகைக்குப் பாருங்க. கல்யாணம் வரைக்கும் ரெண்டு பேரும் முன்னறையில இருக்கலாம். விருந்தாளியா."

ரோஷன் பேகம் மருமகனைக் காரணம் காட்டிக் கையை விரித்துவிட்டாள்.

பெருநாள் கழித்து, முழு வீட்டில் மஹ்பூபா நிக்காஹ் நடந்தது. மறு வாரம் அவரும் ஹவ்வாவும் பக்கத்துக் கோவில்பத்தில் இரண்டு அறை பிடித்துப் போனார்கள். எங்கள் தெரு ஆண்பிள்ளைகளில் தன் பெயரில் வாடகை கட்டுகிற ஒரே ஆள் என்று அவரைக் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். இப்போது பேச்சில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் மன்சூர் அலி சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறாராம். நாட்டாண்மையும் போகிறாராம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பீடி பிடித்துக்கொண்டு, இருட்டும் வரைக்கும் கிடக்கிறார்களாம். அங்கே ஏனென்று கேட்பார் யாருமில்லையாம். ஹவ்வா மட்டும், "ஏம்ப்பா, காலை எடுப்பா" என்று சொல்லிப் பெருக்கிக்கொண்டு போவாளாம்.

இதையெல்லாம் என் மருமகன்தான் வந்து சொல்கிறார். அவரும் போக ஆரம்பித்துவிட்டார். மஹ்பூபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் அங்கே போய் அவள் மாப்பிள்ளையைக் கூட்டி வர வேண்டுமாம்.