துளை போட்ட அட்டை

வேறொரு நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "எங்கள் அவைக்குப் பார்வையில்லாத பெண் உறுப்பினர் ஒருவர் வந்திருக்கிறார். அடுத்த மாதம் சபாநாயகர் தேர்தல், ரகசிய வாக்கெடுப்பு. உங்கள் அவையில் இதற்கு என்ன வழி?"

நாடாளுமன்றங்கள் இப்படி ஒன்றையொன்று சந்தேகம் கேட்டுக்கொள்வது வழக்கம்தான். பதில் எழுதுவது ஆய்வு அலுவலரான அவளுடைய வேலை. விதிப்புத்தகத்தில் ஒரே வரி இருந்தது: உதவியாளர் குறியிடலாம். அதையே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. உதவியாளருக்குத் தெரிந்தபின் அது என்ன ரகசியம்?

முப்பது வருடமாக அவை வாசலில் நிற்கும் காவலர் மீசைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, நம்ம சபையில கண்ணு தெரியாத உறுப்பினர் யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாரே! வாத்தியார்னு கூப்பிடுவோம். ஓட்டுப் போட ஆள் வச்சுக்கோங்கன்னா எகிறிக் குதிச்சாரு. 'என் பொண்டாட்டிக்கே சொல்லமாட்டேன், உங்க ஆளுக்கு எதுக்குச் சொல்லணும்'னாரு."

"அப்புறம்?"

"அட்டையில துளை போட்டுக் கொண்டுவந்தாரு. சீட்டுல இருக்கிற பேரையெல்லாம் வரிசையா முன்னாடியே வாசிச்சுக் காட்டிடுவோம். அதுக்கப்புறம் அவராச்சு, அட்டையாச்சு. இங்கதான் எங்கயாவது கிடக்கும், வாங்க."

பொருளறையில், உடைந்த மைக்குகளுக்கு அடியில் ஒரு மணி நேரம் துழாவி எடுத்தார்கள். வாக்குச்சீட்டின் அளவில் கெட்டி அட்டை. வலது ஓரத்தில் சதுரத் துளைகள். அவள் அதைச் சீட்டின் மேல் பொருத்தி, கண்ணை மூடி, விரலால் எண்ணி, மூன்றாம் துளையில் பேனாவை அழுத்தினாள். குறி மூன்றாம் கட்டத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது.

"அட!" என்றாள். மீசைக்காரருக்கும் ஆசை வந்து, அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

அளவெடுத்து, படம் பிடித்து அன்றே அனுப்பினாள். தேர்தல் முடிந்த மறுநாள் அந்த உறுப்பினரே எழுதினார்: "தனியாகப் போய் வாக்களித்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். ஒரு கேள்வி. உங்கள் அவையில் இப்போதும் இந்த அட்டை உண்டா?"

அதை மீசைக்காரருக்குப் படித்துக் காட்டினாள்.

"என்னன்னு பதில் போடப்போறீங்க?"

"இல்லைன்னு எழுதக் கூச்சமா இருக்குண்ணே."

பதில் எழுதாமல், விதிக் குழுவுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினாள். அது மூன்று வாரம் மேசை மேசையாக அலைந்தது. குழு ஒப்புக்கொண்ட அன்று மாலை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினாள்.

"உண்டு. இன்று காலையிலிருந்து."