ரோசாக் குதிரை

"இதோ வந்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கமலநாதன் மறுபடியும் கடை வாசலுக்குக் கிளம்பினான். பெட்ஷீட்டுகளை விரித்து ஓரத் தையலைச் சோதித்துக்கொண்டிருந்த அவன் அம்மா பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வயிறு சரியில்லையாடா? வந்ததுலேருந்து போறதும் வர்றதுமா இருக்கே." அவன் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் அவள் சுட்ட தோசைகளை வஞ்சகமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தான். கோளாறு வாசலில் நான்கு கால்களோடு நின்றுகொண்டிருந்தது.

காசு போட்டால் ஆடும் பிளாஸ்டிக் குதிரை. கிள்ளான் கடைத்தெருவுக்குப் பிள்ளைகளோடு வந்த யாரும் அதைத் தாண்டாமல் இந்தத் துணிக்கடைக்குள் நுழைந்திருக்க முடியாது. வெள்ளை உடம்பு, சிவப்புச் சேணம், மஞ்சள் பிடரி. இப்போது வெள்ளை பழுப்பாகியிருந்தது, ஒரு காதைக் காணோம். கடையை இன்றோடு மூடுகிறார்கள். முதலாளியின் பிள்ளைகள் யாருக்கும் துணி விற்க விருப்பமில்லையாம். கண்ணாடி முழுக்கப் பாதி விலை என்று ஒட்டி, அலமாரிகளைக்கூட விற்றுக்கொண்டிருந்தார்கள். குதிரைக்கு மட்டும் விலை போடவில்லை. அதன் கழுத்தில் 'லோரிக்கு' என்று எழுதிய தாள் ஒன்று தொங்கியது. பழைய இரும்பு எடுக்கிறவன் இன்றைக்கே லோரியோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று கல்லாவில் இருந்த பெண் யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததிலிருந்து கமலநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். சட்டைப்பையில் கைபேசி துடித்துத் துடித்து ஓய்ந்தது. கமலநாதன் பிரிக்பீல்ட்ஸில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வாய்தான் அவனுக்குச் சொத்து. தனக்குச் சாவே வராது என்று உட்கார்ந்திருப்பவனிடம் சாவைப் பற்றிப் பேசி, கையெழுத்தும் வாங்கி, அவன் வீட்டிலேயே டீயும் குடித்துவிட்டு வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் இப்போது, காதலியின் வீட்டைச் சுற்றும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி, கடைக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தான்.

ஐந்து வயதில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தான். கையுறைத் தொழிற்சாலையில் தீபாவளி போனஸ் கொடுத்ததும் அம்மா அவனை பஸ்ஸில் கூட்டி வருவாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கடை. குதிரையைக் கண்டதும் அவன் நின்றுவிட்டான். "அது ரோசாக்டா" என்றாள் அம்மா. கெட்டுப்போன எதற்கும், விசிறிக்கும் வானொலிக்கும் அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்கும்கூட, வீட்டில் அந்த மலாய்ச் சொல்தான். அம்மா ரோசாக் என்றால் ரோசாக். அவன் குதிரையின் மூக்கைத் தடவி, சீக்கிரம் நல்லாயிடும் என்று அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த வருஷம் வந்தபோது ஒரு சீனப் பையன் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா காசைப் போட்டதும் குதிரை பாட்டுப் பாடிக்கொண்டு முன்னும் பின்னும் பாய்ந்தது. கமலநாதனின் கையில் அம்மாவின் பிடி இறுகியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் குதிரையைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவனால் தாங்க முடியவில்லை. "இன்னும் ரோசாக்தாம்மா," என்றான். "சத்தம் சரியில்ல." அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும், வாசலை நெருங்கும்போதே, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமானபின் வீட்டில் கொஞ்சம் சில்லறை புழங்கியது. அதற்குள் அவனுடைய கால்கள் நீண்டுவிட்டன. ஏறியது தங்கை லோகேஸ்வரி. "நீ பெரிய பையன், பாப்பா விழுந்துடாம பின்னால பிடிச்சுக்க" என்றார் அப்பா. பிடித்துக்கொண்டான். அந்தப் பாட்டு முடியும்வரை அவள் முதுகில்தான் அவன் கை இருந்தது. இப்போது டெங்கிலில் குடியிருக்கும் லோகேஸ்வரியிடம் கடையை மூடப்போகிற செய்தியைப் போனில் சொல்லி, "அந்தக் குதிரை ஞாபகமிருக்கா?" என்று கேட்டதற்கு, "எந்தக் குதிரைண்ணே?" என்றாள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அவள்மேல் காரணம் சொல்ல முடியாத எரிச்சல்.

"அங்கிள், என்ன தேடுறீங்க?"

கல்லாப் பெண் வாசலுக்கே வந்துவிட்டாள். சட்டையில் வாணி என்று பெயர் குத்தியிருந்தது.

"இல்லம்மா... இது ஓடுதா? என் பையனுக்குத்தான் கேட்டேன்." பையன் காலேஜில் படிக்கிறான், அப்பனைவிட உயரம்.

"ஓடும்லா அங்கிள். காலையிலகூட ஒரு பாப்பா ஏறிச்சு. பையன் எங்க?"

"வரான்."

"இந்தாங்க டோக்கன். காசு வேணாம், கடைசி நாள்தானே."

அவள் உள்ளே போய்விட்டாள். டோக்கன் அவன் உள்ளங்கையில் வியர்த்தது. இன்னும் ரோசாக் ஆகவில்லை என்று தெரிந்தபின் அவனிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. கிளம்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். ஆனால் லோரி வந்து இதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டால், அப்புறம் எந்த மாலில் எந்தக் குதிரை இருந்தும் அவனுக்கு ஆகப்போவதில்லை. இந்தக் குதிரைதான் வேண்டும். இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்கடைக்காரி சரம் எடுக்கக் குனிந்த நேரம் பார்த்து, காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டான். முழங்கால்கள் தாடைக்கு வந்தன. கால்சட்டை எங்கேயோ பிரிகிற சத்தம் கேட்டது. போனால் போகட்டும். டோக்கனைத் துளைக்குள் தள்ளினான்.

குதிரை ஒரு தரம் முக்கியது. பிறகு முன்னால் பாய்ந்தது. அவன் வயிற்றுக்குள் ஏதோ குபீரென்று எழும்ப, வாய் தானாகத் திறந்துகொண்டது. பின்னால் சாய்ந்தது. பாட்டின் முதல் அடி கரகரத்தது, அதே பாட்டு. இரண்டாவது பாய்ச்சலுக்கு எழும்பும்போது அடியில் கொர்ரென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. கருகிய வாடை வந்தது.

"என்னடா பண்றே?"

இரண்டு கையிலும் பைகளோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வரவில்லை.

"ரோசாக்மா."

பவுனம்மாள் பைகளைக் கீழே வைத்தாள். குதிரையைப் பார்த்தாள், அதன் கழுத்தில் தொங்கிய தாளைப் பார்த்தாள், கூன் போட்டு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள்.

"அப்பல்லாம் அது ரோசாக் இல்லடா," என்றாள்.

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"அந்தச் சீனப் பையன் ஏறினான்ல, அப்பவே."

பூக்கடைக்காரி சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிப்படையாகவே வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தாள். கமலநாதன் அவமானத்தோடு ஒரு காலைத் தூக்கினான்.

"எறங்காத," என்றாள் அம்மா. "உக்காரு."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். குதிரையின் பின்புறத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். உள்ளே இருந்த கம்பிச்சுருள் முனகியது. குதிரை கொஞ்சம் முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வந்தது. "வேணாம்மா, கை வலிக்கும்" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. சட்டைப்பையில் கைபேசி மறுபடியும் துடித்தது.

லோரி ஒன்று பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான். "ஆன்டி, கொஞ்சம் ஒதுங்குங்க. அதை ஏத்தணும்."

பவுனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருங்க தம்பி," என்றாள், மூச்சு வாங்க. "புள்ள ஏறியிருக்கான்ல."

லோரிக்காரன் என்ஜினை அணைத்தான். கமலநாதன் அந்த மஞ்சள் பிடரியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.