ஓரகத்திகள் கட்டிய கம்ப்யூட்டர்

அந்த வீட்டின் மூத்த மருமகள் பதினாறு வருடமாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடும் கம்ப்ரசரின் சத்தத்தைக் கேட்டு, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பெரியவள் என்பார்கள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் முன்னால் வந்தவள் சின்னவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கார் ரேஸ் கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. ஓரகத்திகள் இருவருக்கும் சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. "சாப்பிட்டீங்களா அக்கா", "ஆச்சும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவளின் பழைய லேப்டாப் பந்தயத்தின் நடுவில் அணைந்துபோனது. பெரியவள் போய் அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"இது மூச்சுத் திணறித்தான் செத்திருக்கு. எத்தனை நாளா இப்படிச் சுடுது?"

"வாங்கினதிலேர்ந்தே சுடும்க்கா."

கொழுந்தன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு விலைப் பட்டியல் வாங்கி வந்தான். ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர், நாலு பக்கமும் கண்ணாடி, ஏழு வண்ண விளக்கு. விலையைப் பார்த்துச் சின்னவளின் முகம் தொங்கிப்போனது. அவள் சேர்த்து வைத்திருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

பெரியவள் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். பாதி வார்த்தை புரியவில்லை. அதற்காக அவள் தயங்கவில்லை.

"இதுல எதும்மா ரொம்பச் சூடாகும்?"

"கிராபிக்ஸ் கார்டு. படத்தை வரையறது அதுதான்."

"அது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று இருவரும் எழுந்திருக்கும்போது டீ இரண்டு முறை ஆறிப்போயிருந்தது.

கையிலிருந்த பணத்தில் கிட்டத்தட்ட பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு என்று சின்னவள் ஒதுக்கினாள். அதையும் பழையதாகத் தேடினால்தான் கட்டுப்படியாகும். பிராசஸரும் அதைத் தாங்கும் மதர்போர்டும் போன தலைமுறை போதும், கேமுக்கு அது தாராளம். ராம் எட்டு ஜிபியாக இரண்டு. மானிட்டர் ஏற்கனவே இருந்தது. பவர் சப்ளையில் மட்டும் பெரியவள் பிடிவாதமாக நின்றாள்.

"பேர் தெரியாத பவர் சப்ளையைப் போட்டு எத்தனை மெஷின் எரிஞ்சிருக்குன்னு நான் பார்த்திருக்கேன். இதுல கை வைக்காதே. கண்ணாடியை விடு, முன்பக்கம் வலை போட்ட கேபினட்டா எடு. காத்து போகணும்."

"விளக்கு?"

"விளக்கு வேணும்னா ஹால்ல டியூப்லைட் இருக்கு."

சின்னவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் ஒரே ஒரு நீல விளக்கு ஃபேனைப் பட்டியலில் நைசாக நுழைத்தாள். பெரியவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பழைய சாமான் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஒரு கடைக்காரரிடம் சின்னவள் தேடிய கார்டே இருந்தது, அவள் நினைத்ததைவிடக் குறைந்த விலையில். அவள் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

"ஆறு மாசம்தான் ஓடியிருக்கு. புதுசு மாதிரி," என்றார் கடைக்காரர்.

பெரியவள் கார்டைத் திருப்பினாள். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தது. பல முறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விரலால் ஃபேனைச் சுற்றினாள். தள்ளாடிச் சுற்றியது. மூக்கருகே கொண்டுபோனாள், கருகல் வாடை.

"அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க."

"கரண்ட் இல்லம்மா இங்க."

பெரியவள் தலையை நிமிர்த்தி, அவர் தலைக்கு மேலே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். கடைக்காரரும் அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே பேச என்ன இருக்கிறது?

தெருவுக்கு வந்ததும் சின்னவள் கடையைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த விலைக்கு இனி கிடைக்காதுக்கா."

"கிடைக்கும். இதுதான் கடைசிக் கார்டா? வா."

கிடைத்தது. கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஒருவர், மாடியில் ஓர் அறை வைத்திருந்தார். பெரிய கார்டு வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார். அதே ரகம், விலை கொஞ்சம் கூடுதல். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும், "தாராளமா ஓட்டுங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார். சின்னவள் அவருடைய மெஷினிலேயே ஒரு மணி நேரம் கார் ஓட்டினாள். பெரியவள் பெட்டியில் காதை வைத்து ஃபேனைக் கேட்டாள். சத்தம் ஏறவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சின்னவளைப் பார்த்துத் தலையாட்டினாள். எடிட்டரோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பந்தயத்துல என்னோட நேரத்தை விட நாலு செகண்டு கம்மியா முடிச்சுட்டீங்களே!"

அந்தச் சூட்டோடு சூடாகப் பெரியவள் பேரம் பேசினாள். அவள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, வாங்கி வந்த எல்லாவற்றையும் மாட்டினார்கள். பிராசஸரும் ராமும் மானிட்டர் வயரும் சின்னவள் கையால். உள்ளே வயர் இழுப்பதும் ஃபேன் முடுக்குவதும் பெரியவள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சுவிட்சைப் போட்டாள் சின்னவள். ஃபேன்கள் சுற்றின, நீல விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"ரெடிமேடா வாங்கியிருக்கலாம்னு அப்பவே சொன்னேன்," என்றான் கொழுந்தன்.

"நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இரு தம்பி," என்றாள் பெரியவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சின்னவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கார்டு போச்சா? போர்டு போச்சா? பெரியவளோ, எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வதைத்தான் செய்தாள். பிளக்கிலிருந்து ஆரம்பித்தாள். கரண்ட் வருகிறதா, வருகிறது. பவர் சப்ளை சுற்றுகிறதா, சுற்றுகிறது. கார்டுக்குத் தனி வயர், இருக்கிறது. பின்னால் குனிந்து மானிட்டர் வயரைப் பிடித்தாள்.

"படத்தை வரையறது கார்டுன்னுதானே சொன்னே?"

"ஆமாம்."

"அப்புறம் இந்த வயர் ஏன் மதர்போர்டுல சொருகியிருக்கு?"

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருடமாகத் தெரிந்த விஷயம், அவசரத்தில் கை தவறிவிட்டது. பிடுங்கி, கார்டில் சொருகினாள். திரை வெளிச்சமாயிற்று. பெரியவளின் புருஷன் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, தம்பியைப் பார்த்து நிறுத்தினார்.

வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டு, கேமைத் திறந்து ஒரு சுற்று ஓட்டுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. திரை ஓரத்தில் காட்டிய சூடு மட்டும் மெல்ல மெல்ல ஏறியது. சின்னவள் ஒரு துண்டுக் காகிதத்தை முன்வலை அருகே பிடித்தாள். வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் அவள் முகத்துக்குப் பறந்து வந்தது.

"அக்கா... காத்து வெளிய வருதே. முன் ஃபேன் ரெண்டையும் திருப்பி மாட்டியிருக்கீங்க."

பெரியவள் குனிந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வெளியில சொல்லிடாதேம்மா. பதினாறு வருஷப் பொழப்பு போயிடும்."

"ஒரு சுற்று நீங்க ஓட்டினா சொல்ல மாட்டேன்."

ஃபேன்களைத் திருப்பி மாட்டியதும் சூடு இறங்கி அறுபத்தெட்டு டிகிரியில் நின்றது. பெரியவள் கேம்பேடை வாங்கி, திருப்புளியைப் பிடிப்பது போலப் பிடித்தாள். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. அடுத்த முறை வேலியைத் தாண்டி வயலில் இறங்கியது. மூன்றாவது முறை, கடைசி ஆளாக என்றாலும், முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டாள்.

"அண்ணி, நான் ஒரு தடவை..." கொழுந்தன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வரிசையில நில்லு. உங்க அண்ணன் உனக்கு முன்னாடி," என்றாள் அவள். "ஏம்மா, ஹாரன் எந்தப் பட்டன்?"