செனான் குழாயில் சூடம்

ஆயுத பூசையன்று மலேசியாவின் குருண் ஊர்த் தொழிற்சாலையில் வசந்தன் சூடம் காட்டிய இயந்திரம், திரவ செனானைச் சுத்தம் செய்வது. வெளிநாட்டில் ஏதோ ஒரு மலைக்கு அடியில் அந்தச் செனானைத் தொட்டியில் நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத துகளுக்காக விஞ்ஞானிகள் காத்திருப்பார்கள். துகள் மோதினால் சில எலக்ட்ரான்கள் உதிரும். அணுவளவு அழுக்கு இருந்தாலும் அது அவற்றை விழுங்கிவிடும். அப்பேர்ப்பட்ட இயந்திரத்தின் குழாய் மூடியைப் பொட்டு வைப்பதற்காகக் கழற்றியவன், திறந்த வாய்க்கு நேராகவே சூடத்தட்டைப் பக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றினான்.

மறுநாளே சோதனைத் திரையில் அழுக்கைக் காட்டும் கோடு எழும்பியது. நான்கு நாளாகியும் இறங்கவில்லை.

ஆலோசகர் டாக்டர் மாணிக்கவாசகம் நாற்பத்திரண்டு படங்கள் போட்டு, குற்றம் குழாய்க்கு எஃகு விற்ற கம்பெனியுடையதே என்று நிறுவினார். "இது உலோகத்தின் ஒழுக்கப் பிரச்சினை" என்றார். யாருக்கும் புரியவில்லை, ஆகவே எல்லோரும் தலையாட்டினார்கள். கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் தயாரானது.

உண்மைக் காரணம் வசந்தனுக்குத் தெரியும். அவனுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பழி தப்புச் செய்யாதவன் தலையில் விழும். கடைசியில் கேன்டீனில், சோதனைப் பிரிவு லோகேஸ்வரியின் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, சூடம் காட்டுனது நான்தான்."

"பூசைன்னா காட்டத்தானே செய்வாங்க."

"மூடி தொறந்து இருந்துச்சுக்கா."

லோகேஸ்வரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "அலாமாக்! நாலு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பயந்துட்டேன்கா."

"எஃகு கோளாறுன்னா நான் என்ன செய்ய முடியும்? சூடம்னா சூடு காட்டுனா ஓடிடும்லா. எந்திரி, போவோம்."

அவள் பக்கத்தில் நிற்க, வசந்தன் கூட்டத்தில் உள்ளதைச் சொன்னான். டாக்டர் அப்போது நாற்பத்து மூன்றாவது படத்தைத் தொடங்கியிருந்தார். கடிதம் குப்பைக்குப் போனது. லோகேஸ்வரி குழாயைச் சூடேற்றி, பம்பு வைத்து உள்ளிருந்த ஆவியை உறிஞ்ச விட்டாள். மூன்றாம் நாள் காலை கோடு படுத்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தலைமையகம் படிப்பது டாக்டரின் அறிக்கையை மட்டுமே. அதில், 'எனது நேரடி வழிகாட்டுதலில் மாசு கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது' என்றிருந்தது; வசந்தன் பெயரே இல்லை. புகழில் பங்கு தர மனமில்லாதவர், பழியிலும் யாருக்கும் பங்கு தரவில்லை. வசந்தனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் டாக்டரை மனதாரக் கும்பிட்டான்.

பிறகு லோகேஸ்வரிக்கு நன்றி சொல்லப் போனான். அவளுடைய குவளையை எடுத்துப்போய் மூன்று தடவை கழுவி, கொண்டுவந்து வைத்தான்.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஈரம் இருக்கு தம்பி. இன்னொரு தடவ தொடச்சு வை."

அவன் சிரித்துக்கொண்டே துடைத்தான்.