குடோன் வென்ட் ஆஃப்

அழகுமீனாவுக்கு இங்கிலீஷ் மேல் கோபம். கடைசியில் சாப்பிட வேண்டிய வினைச்சொல்லை வாக்கியத்தின் நடுவிலேயே சாப்பிட்டுவிடுகிற பாஷை அது. பழகுவதற்காக வீட்டில் தமிழையே அந்த வரிசையில் பேசினாள்.

"நான் குடிச்சேன் காப்பி."

பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்த செல்லத்தாய் நின்று மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, இருக்கன்குடி ஆத்தா உம்மேல வந்திருக்காளா?"

"இல்ல. இங்கிலீஷ்."

"ஆத்தா வந்தாக்கூட நேராப் பேசுவாளே."

வரிசை ஒருவழியாகப் பிடிபட்டது. பிடிபடாதவை அந்த ஒட்டு வினைகள். கிவ் அப் என்றால் கைவிடுவது, கிவ் இன் என்றால் பணிந்துபோவது. ஒரே ஒரு 'கிவ்'வைப் பிடித்து வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் வாங்குகிற வேலை, லட்சுமிகாந்தம் அண்ணாச்சி கம்பெனியில் அவளிடம் வாங்குகிற வேலைக்குச் சமமாக இருந்தது. பில் போடுவது, ஃபோன் எடுப்பது, டீ வந்ததா என்று பார்ப்பது. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

ஆர்டர் எடுக்கும் சீட் காலியாக இருந்தது. "புனே சேட்டு லோடு ஒழுங்காப் போகட்டும். அந்த சீட்டு உனக்கு. போகலைன்னா நீ பழையபடி லேபிள் ஒட்டத்தான்" என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அம்மா மருந்து அடைக்கும் அதே கம்பெனியில் டிகிரியோடு லேபிள் ஒட்டிய மாதங்களை அவள் மறக்கவில்லை.

அந்த வாரம் அடைமழை. குடோன் கூரை ஒழுகி, புனே லோடு முழுக்க நமுத்துப்போனது. சேட்டிடம் அவகாசம் கேட்டு மெயில் அனுப்பச் சொன்னார் அண்ணாச்சி. அவள் யோசித்தாள். கரண்ட் போனால் ஆஃப். ஃபோன் செத்தால் ஆஃப். அப்போது நமுத்த பட்டாசும் ஆஃப்தானே?

'யெஸ்டர்டே அவர் குடோன் வென்ட் ஆஃப். ப்ளீஸ் கிவ் டைம்.'

எழுவாய் முன்னால், வினை பின்னால். ஒரு குறையும் இல்லை. அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சேட்டே கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. எத்தனை பேர் என்று கேட்டார். எதில் எத்தனை பேர் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் மறுபடி கேட்டபோதுதான் விளங்கியது. கோ ஆஃப் என்றால் வெடிப்பது.

ஃபோனைக் கையால் பொத்தினாள்.

"அண்ணாச்சி, நான் தப்பா எழுதிட்டேன். குடோன் வெடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டாரு."

"டைம் குடுக்கானா?"

"எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்கங்காரு. எத்தன பேரு போயிட்டாகன்னு கேக்காரு."

அண்ணாச்சி மோவாயைச் சொறிந்தார்.

"நமுத்துருச்சுன்னா சரக்கே வேண்டாம்பான். வெடிச்சதாவே இருக்கட்டும். ரெண்டு பேருன்னு சொல்லு."

"எந்த ரெண்டு பேரு?"

"அவன் பேரா கேக்கான்? சும்மா சொல்லு புள்ள. சீட்டு உனக்குத்தான்."

"எங்கம்மாவச் சேத்துக்கவா? அங்கன மருந்து ரூம்லதான் இருக்கா."

"ஏ, வாயக் கழுவு!"

"கழுவுறேன். ரெண்டாவது ஆளு உங்க வீட்ல யாரு அண்ணாச்சி? பேரு சொல்லுங்க."

அண்ணாச்சி மேஜை மேல் இருந்த காலி டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். அவள் ஃபோனிலிருந்து கையை எடுத்தாள்.

"நோபடி டைடு, சார். ரெயின் கேம். கிராக்கர்ஸ் காட் வெட். ஐ ரோட் ராங்."

வினைகளெல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. காட் இஸ் கிரேட் என்றார் சேட்டு. அடுத்த மூச்சில், நனைந்த சரக்கு எனக்கு வேண்டாம் என்று ஃபோனை வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?"

"லோடு வேணாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் சாகலன்னேன்."

"அதச் சொல்லவா இம்புட்டு இங்கிலீஷ் படிச்ச?"

"ஆமா."

அவர் கதவைக் காட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு லேபிள் ரூமுக்கு நடந்தாள். வாசலிலேயே பசை நாற்றம் வந்தது. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் நிமிர்ந்து பார்த்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"என்ன டிகிரி, இங்கன வந்துட்ட?"

"ஒரு சொல்லு தப்பாச்சு, அக்கா. அதத் திருத்தினேன்."

"சரி, உக்காரு. பசை காயுது."