பெர்த்துக்குத் தெரியாத எங்கள் முகம்

நான் செத்துப்போனால் மாரடைப்பு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். லேப்டாப் கேமரா என்று எழுதுங்கள். கடுகளவு கண்ணாடி அது. அதற்காக இந்த மாதம் நான் விட்ட பெருமூச்சில் பினாங்குப் பாலத்தின் மேல் லாரிகள் தடம் மாறின. எதிர்க்கரையில், பிறை ஊரில் மின்சாரம் தயாரிக்கிறவர்கள் இந்தக் காற்றைக் கேட்டு என்னைத் தேடி வராததுதான் ஆச்சரியம்.

என் பெயர் விநாசித்தம்பி. சுங்க இலாகாவில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே தலை நரைத்து, ஓய்வு பெற்று, கிரீன் லேன் வீட்டில் மனைவி யோகலட்சுமியோடு காலம் தள்ளுகிறேன். ஒரே மகள் சுதர்ஷினி பெர்த்தில் வேலை பார்க்கிறாள். அங்கே டேரில் என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. எங்களுக்கும் பிடித்துப்போனது. நம்ம ஊர்ப் பிள்ளைதான். குடும்பம் நிபோங் திபாலிலிருந்து போய் அங்கே குடியேறியது. ஆனால் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அதைக் கேட்ட யோகம் சில நாள் என்னோடு பேசவில்லை, அந்தப் பையனுக்கு நான்தான் ஞானஸ்நானம் செய்து வைத்தது போல. பிறகு அவளே மனம் மாறி, சாமி எல்லாம் ஒன்றுதான் என்று எனக்கே பாடம் எடுத்தாள். அதற்குள் அந்தச் சில நாள் மௌனம் கடல் தாண்டி, டேரிலின் அம்மா அமலம்மாளின் காதில் ஏறிவிட்டது.

சரி, முகம் பார்த்துப் பேசினால் தீர்ந்துவிடும் என்று ஞாயிறு மாலை வீடியோவில் சந்திப்பதாக ஏற்பாடு. யோகத்தின் கைப்பேசி ரசச் சட்டிக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து காது மட்டும் கேட்கும், கண் தெரியாது. என்னுடையது பொத்தான் வைத்தது. நடக்கும்போது பாக்கெட்டில் கிடந்தே தொடையைச் செதுக்கிவிடும். எனவே சுதர்ஷினி வீட்டில் விட்டுப்போன லேப்டாப்பை மேசையில் வைத்தோம்.

முதல் ஞாயிறு, அவர்கள் எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு அமாவாசை. இரண்டாம் ஞாயிறும் அமாவாசை. பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே மணி, அதனால் நேரம் தப்பிவிட்டது என்று கதை விடவும் வழியில்லை. இரண்டாம் முறை அமலம்மாள் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அக்கா, எங்களுக்கு முகம் காட்ட மனசில்லேன்னா சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

அன்று ராத்திரி சுதர்ஷினி அழைத்தாள்.

"அப்பா, அடுத்த வாரமும் இருட்டுன்னா ஆன்ட்டி இந்தப் பேச்சையே விட்டுடலாம்னு சொல்றாங்க. டேரில் அவங்க அம்மாவ மீறி ஒண்ணும் செய்ய மாட்டான். நானும் செய்யச் சொல்ல மாட்டேன்."

"கேமரா கெட்டுப்போனதுக்குக் கல்யாணத்த நிறுத்துவாங்களாம்மா?"

"கேமரா கெட்டுப்போச்சுன்னு அவங்க நம்பல, அப்பா."

மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்து வந்து, போனிலேயே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். செட்டிங்குக்குப் போ என்பாள், போவேன். அனுமதி கொடு என்பாள், பிள்ளையார் கோயில் சுண்டல் போலக் கேட்டவனுக்கெல்லாம் அனுமதி கொடுத்தேன். அணை என்பாள், போடு என்பாள். பினாங்குக் கொடிமலையை ஏறி இறங்குவது இதைவிடச் சுலபம். அங்கே ரயிலாவது உண்டு.

"அப்பா, பக்கத்துல சின்ன லைட் எரியுதா?"

"எரியுது. பச்சைப் பசேல்னு."

"அப்ப லென்ஸ் மேல ஏதாவது ஒட்டியிருக்கா பாருங்க. மேல, நடுவுல, சின்னதா வட்டமா இருக்கும்."

மூக்குக் கண்ணாடியை ஏற்றி, வைரம் கடத்தி வந்தவன் பெட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். மேலே, நடுவில், சின்னதாக வட்டமாக இருந்தது.

"ஒண்ணும் ஒட்டல. எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

அவள் விட்ட பெருமூச்சு என்னுடையதற்குச் சளைத்ததில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு தனேஷ் வந்தான். புக்கிட் தெங்காவில் ஏதோ மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். சந்தனமும் குங்குமமும் வைத்த மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தவன், மதியம் முழுக்க எழுந்திருக்கவில்லை. கேமராவுக்கான மென்பொருளைப் பிடுங்கினான், நட்டான், மறுபடி பிடுங்கினான். யோகம் காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் குடித்த காப்பியில் ஒரு படகு விடலாம்.

"அங்கிள், கேமரா நல்லாத்தான் இருக்குன்னு மெஷின் சொல்லுதுலா."

"மெஷின் சொன்னா நீ நம்பிடுவியா?"

"பின்ன யாரு சொன்னா நம்பறது?"

"இந்த வீட்ல ஆன்ட்டி சொன்னாத்தான் ஒண்ணு நல்லாருக்கு. இல்லேன்னா எல்லாம் ரோசாக்தான், கெட்டுப்போனதுதான், என்னையும் சேத்து."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. கடைசியில் தன் கைப்பேசியை நீட்டினான். "நாளைக்கு இத வெச்சுப் பேசுங்க அங்கிள்."

யோகம் அதை ஏதோ செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வேணாம் தம்பி. பொண்ணு கல்யாணப் பேச்சுக்கு இரவல் சாமான் ஆகாது."

நான் கெஞ்சினேன். அவளுடைய அம்மா, இரவல் அட்டிகை போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்து, அதற்கான குத்தல் பேச்சை ஆயுசுக்கும் கேட்டவராம். அதற்கு மேல் எந்த நாட்டு மந்திரி வந்து பேசினாலும் பலிக்காது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. பத்துப் பேர் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தது போல உட்கார்ந்திருந்தேன். யோகம் அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, எப்போதோ தயாராகிவிட்டாள். திரையில் பெர்த் வந்தது. சோபாவில் அமலம்மாள், பக்கத்தில் கணவர் பாக்கியநாதன், பின்னால் டேரிலும் என் மகளும். மகளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"இருட்டா?" என்றேன்.

"இருட்டுதான், அப்பா."

அமலம்மாள் மடியில் இருந்த கைப்பையை மூடினார். எழுந்து போகிறவர் மூடுகிற மாதிரி.

"ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம், ப்ளீஸ்" என்று சுதர்ஷினி கெஞ்சினாள். "அப்பா, கடைசியா ஒண்ணு. சுவர்ல இருக்கற ஒயர புடுங்கிட்டு மறுபடி மாட்டுங்க. லைன கட் பண்ணாதீங்க."

பிளக் எனக்குப் பின்புறச் சுவரில், அலமாரிக்கும் தரைக்கும் நடுவே எலிகூட யோசித்து நுழையும் இடுக்கில் இருந்தது. வெக்கையில் சட்டையை ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்தேன். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி, நாலு காலில் இறங்கித் தலையை உள்ளே விட்டு, வயிறு வரை நுழைந்தேன். முட்டி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அழுதன. வெளியே வரப் பார்த்தேன், முடியவில்லை. வயிறு உடன்படவில்லை.

யோகம் என்னை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். சாமியறைக்குப் போய்க் குங்குமச் சிமிழும் ஈரத் துணியும் எடுத்து வந்தாள். அவள் முணுமுணுப்பது இடுக்குக்குள் எனக்குக் கேட்டது.

"சரஸ்வதி பூஜைக்கு வெச்சது. காஞ்சு கருத்துப் போச்சு. இப்படி இருந்தா எப்படி விளங்கும்? தொடச்சிட்டுப் புதுசா வெக்கறேன், தாயே, என் பொண்ண காப்பாத்து."

எங்கள் வீட்டில் பிளக்கில் மாட்டுகிற எதுவும் ஆயுத பூஜையன்று பொட்டு இல்லாமல் இருக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டி, சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி, மின்சார மீட்டர்கூட. லேப்டாப்புக்கும் வைத்தாள். நெற்றி எங்கே என்று தேடியிருப்பாள். மேலே, நடுவில், சின்னதாக ஒரு வட்டம் தயாராக இருந்தது. இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து அந்தப் பொட்டுகள் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. எனக்குப் படவில்லை. தனேஷுக்கும் படவில்லை.

ஈரத் துணி ஒரு முறை போய் வந்தது. பெர்த்தில் நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். நான் பயத்தில் தலையை அலமாரியில் இடித்துக்கொண்டேன்; கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் சத்தம் கேட்டிருக்கும்.

"அக்கா! வேணாம்! வைக்காதீங்க!"

யோகத்தின் கட்டைவிரல், குங்குமத்தோடு, அந்தரத்தில் நின்றது. "யாரு?"

"நான்தான், அமலம். அக்கா, உங்க விரல் எங்க டிவில வீடு அளவுக்குப் பெருசா தெரியுது. செவப்பா. அதுக்குப் பின்னால..." குரல் உடைந்து சிரிப்பானது. "அதுக்குப் பின்னால கைலி கட்டிக்கிட்டு யாரோ..."

"அப்பா!" என்று அலறினாள் சுதர்ஷினி. "எந்திரிங்க! தெரியுது!"

எழுந்திருக்க முடிந்தால் எழுந்திருக்க மாட்டேனா? ஆஸ்திரேலியக் கண்டமே என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, யோகம் காலைப் பிடித்து இழுத்தாள். பாட்டிலிலிருந்து தக்கை வருவது போல வந்து விழுந்தேன்.

பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அண்ணே, நீங்க வெக்கப்படாதீங்க. இவ என்ன செஞ்சா தெரியுமா? புக்கிட் மெர்த்தாஜாம் திருவிழாவுக்கு வந்தப்ப புனித அன்னம்மாள் ஸ்டிக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. காடிக்குப் பின்னால ஒட்டுனா, பின்னால வர்றவன் இடிக்கக் கூடாதுன்னு."

"போதும், நிறுத்துங்க" என்றார் அமலம்மாள்.

"காரோட ரிவர்ஸ் கேமரா மேலயே ஒட்டிட்டாண்ணே! பின்னால வந்தவன் இடிக்கல. பின்னால போன நான் இடிச்சேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோட இரும்பு கேட்டு நொறுங்கிப் போச்சு!"

சிரிப்பு அடங்கிய இடத்தில் யோகம் மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"நாங்க ஒளிஞ்சுக்கிட்டு இருந்தோம்னு நினைச்சீங்களா?" என்றாள். "உங்கள எனக்கு எப்பவும் தெரிஞ்சுது, அமலம். போன வாரம் நீங்க அந்தப் பக்கம் திரும்பிக் கண்ண தொடச்சத நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியலேன்னு எனக்கு ஒரு வாரமா சோறு இறங்கல."

அமலம்மாள் கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். கிட்டே வந்து யோகத்தின் முகத்தை, பூவை, பட்டை, நிதானமாகப் பார்த்தார்.

"அரக்கு உங்களுக்கு நல்லாருக்குக்கா. கல்யாணத்துக்கும் இதையே கட்டுங்க. மாதா கோயில்ல ஒரு நாள், உங்க கோயில்ல ஒரு நாள். சம்மதமா?"

பின்னால் டேரில் என் மகளின் தோளைப் பிடித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சுங்க அதிகாரிக்கு இதுவும் பழக்கம்தான்.

"அண்ணே" என்றார் அமலம்மாள், "சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சட்டையப் போட்டுட்டு வந்துடுங்க."

எழ முயன்றேன். முட்டி மறுத்தது. யோகம் இன்னும் குங்குமக் கட்டைவிரலை நீட்டியபடியே நின்றிருந்தாள். எடுத்த குங்குமத்தைச் சிமிழில் திருப்பிப் போடுகிற வழக்கம் அவளிடம் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் குனிந்து, தரையில் கிடந்த என் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"இந்த வீட்லயே ரொம்பப் பழைய மெஷின் இதுதான்" என்று பெர்த்துக்கு விளக்கினாள். "இதுக்கும் வருஷா வருஷம் வெக்கணும்."